விளையாட்டு வெயில் கண்ணாடி

திறந்த வெளியில் விளையாடுபவர்கள் சூரிய ஒளியின் கூச்சத்திலிருந்தும், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களிலிருந்தும், பறந்து வரும் பந்து, தூசி, பூச்சி ஆகியவற்றிலிருந்தும் கண்ணைக் காத்துக்கொள்ள அணிவது விளையாட்டு வெயில் கண்ணாடி ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் எல்லா வெயில் கண்ணாடிகளுக்கும் 'கூலிங் கிளாஸ்' என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயர் குளிர்ச்சியை மட்டுமே சொல்கிறது. கூச்சத்தைக் குறைப்பது, கதிரைத் தடுப்பது, அடியைத் தாங்குவது என்ற மூன்று வேலைகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக, வெவ்வேறு பொருள்களில் கண்டறியப்பட்டவை. மூன்றும் ஒரே கண்ணாடியில் சேர்ந்தது மிக அண்மையில்தான். கடையில் கருமையை மட்டும் பார்த்து வாங்குபவர் முதல் வேலைக்குப் பணம் கொடுக்கிறார். மற்ற இரண்டும் அதில் இருக்கின்றனவா என்பது கருமையைப் பார்த்தால் தெரியாது.

வாசுதேவநல்லூரின் வெயில்

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள பேரூர் வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் இதன் அருகில் உள்ளது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9.2 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் இவ்வூரின் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. ஒருமுறை சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, மறுமுறை ஆகஸ்ட் மாத இறுதியில். முதல் முறை வருவது பள்ளித் தேர்வுகள் முடிந்து, கிரிக்கெட்டும் வாலிபாலும் சூடுபிடிக்கும் காலம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போதும் நண்பகலில் அது 57 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். ஐரோப்பாவில் கோடைக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் பல இவ்வூருக்கு மார்கழிக்கும் பொருந்தும்.

புறஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் புறஊதாச் சுட்டெண் 1992-இல் கனடாவில் அறிமுகமாகி, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தால் உலகப் பொது அளவீடாக ஏற்கப்பட்டது. அதில் 3 முதல் பாதுகாப்பு தேவை, 11-க்கு மேல் உச்ச அளவு. வெப்பமண்டலத்தில் தெளிந்த வானுள்ள நண்பகல்கள் 11-ஐத் தாண்டுவது வழக்கமானதே.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் இப்பகுதியின் வெயில் தணிந்து மேகம் கவிகிறது. கண்ணாடி தேவையில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மெல்லிய மேகத்தை ஊடுருவி 80 விழுக்காடு வரை புறஊதாக் கதிர் வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலில் உறைப்பது அகச்சிவப்பு வெப்பம். மேகம் அதைக் குறைத்துவிடுவதால் கதிரும் குறைந்ததுபோல் தோன்றுகிறது. 'வெயிலே இல்லையே' என்று மணிக்கணக்கில் ஆடும் சாரல்கால ஆட்டங்கள் இந்த வகையில் கவனத்துக்குரியவை.

இன்னொரு நம்பிக்கையையும் ஜப்பானிய ஆய்வு ஒன்று மாற்றியமைத்தது. கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி சசாகியும் அவருடைய குழுவினரும் ஒரு பொம்மை உருவத்தின் கண்களில் உணரிகளைப் பொருத்தி நாள் முழுவதும் அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். கோடையில் சூரியனை நோக்கியிருக்கும் கண்ணில் அதிகக் கதிர் விழுந்தது நண்பகலில் அல்ல. சூரியன் ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் இருக்கும் முற்பகலிலும் பிற்பகலிலும்தான். உச்சி வெயிலைப் புருவமும் இமையும் ஓரளவு மறைக்கின்றன, சாய்ந்த வெயிலை மறைக்க எதுவும் இல்லை. வாசுதேவநல்லூரில் சித்திரை மாதத்தில் சூரியன் 40 பாகையில் இருப்பது காலை 9 மணியை ஒட்டியும், மாலை 4 மணிக்குச் சற்று முன்பும். வெயில் தாழட்டும் என்று காத்திருந்து மைதானத்துக்குள் இறங்கும் நேரமும் அதுவே.

கருப்புக் கண்ணாடி என்றால் என்ன என்று ஊர் நினைத்தது

தென்மாவட்டச் சிற்றூர்களில் விளையாடுபவர் கண்ணாடி அணிவது இன்னும் பரவலாகவில்லை. அதற்கு விலை மட்டும் காரணமன்று. கருப்புக் கண்ணாடி இங்கே நெடுங்காலம் வேறு பொருள்களைச் சுமந்திருந்தது.

முதலாவது நோய். சென்னையில் 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. விழிவெண்படல அழற்சிக்கு 'மெட்ராஸ் ஐ' என்று அந்நகரின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்நோய் வந்தவர் கருப்புக் கண்ணாடி அணிவது வழக்கம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான நம்பிக்கையால், அது பிறரைக் காப்பதற்காக அணியும் கண்ணாடியாகவும் ஆனது. அந்நோய் பரவுவது பார்வையால் அல்ல, கையாலும் துணியாலும்.

இரண்டாவது அறுவை சிகிச்சை. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை வந்தது. கண் முகாம்களிலிருந்து புரை நீக்கித் திரும்பும் முதியவர்கள் கருப்புக் கண்ணாடியுடன் வரிசையாக வேனில் அமர்ந்திருக்கும் காட்சி தென்மாவட்டங்களுக்கு நன்கு பழகியது. 'கண் ஆபரேஷனா?' என்ற கேள்வி இன்றும் அந்தக் கண்ணாடியைத் தொடர்ந்து வருகிறது.

மூன்றாவது புகழ். எம்.ஜி.ஆர். தொப்பியுடன் கருப்புக் கண்ணாடியும் அணிந்தே மக்கள் முன் தோன்றினார். விபத்தில் கண் பாதிக்கப்பட்ட மு. கருணாநிதிக்கு மருத்துவத் தேவையாக வந்த கண்ணாடி அவருடைய அடையாளமாகவே மாறியது. ரஜினிகாந்த் அதைச் சுழற்றி அணியும் பாணியாக்கினார். ஆக, வாலிபால் ஆட ஒரு மாணவர் கண்ணாடி அணிந்து வந்தால், ஊர் அவரை நோயாளியாகப் பார்க்கும் அல்லது 'பெரிய ஹீரோ' என்று கேலி செய்யும். விளையாட்டுக் கருவி என்ற நான்காவது பொருள் 1990-களில் கேபிள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரர்களின் முகத்தைப் பார்த்த பிறகே மெல்ல வந்தது.

கூச்சம் ஒரு கதை, கதிர் வேறு கதை

ஒளிக்கூச்சத்துக்கு மனிதர் கண்ட மிகப் பழைய தீர்வில் கண்ணாடியே கிடையாது. ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்களும் அவர்களுடைய முன்னோரும் எலும்பு, தந்தம், மரம் ஆகியவற்றில் குறுகிய கீறலிட்டு, பனிவெளியில் அணிந்தனர். புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாவில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். அந்தக் கீறல் எல்லா வகை ஒளியையும் ஒரே அளவில் குறைத்ததால், கதிர் என்ற ஒன்றை அறியாமலே அவர்கள் கதிரையும் தடுத்தனர். பனிக்குருடு என்ற நோயின் மறுவடிவத்தை வெல்டிங் பட்டறைக்காரர்கள் நன்கு அறிவர். கவசமின்றிப் பற்றவைத்த இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்துவது அதே புறஊதாவின் வேலைதான்.

நிறக் கண்ணாடி வந்தபோது இரண்டும் பிரிந்தன. இலண்டனில் ஜேம்ஸ் ஆய்ஸ்காஃப் 1752-ஐ ஒட்டி நீல, பச்சை நிற வில்லைகளைப் பரிந்துரைத்தார். வெள்ளைக் கண்ணாடி கண்ணை உறுத்துகிறது என்பதே அவர் கருத்து. புறஊதாவைப் பற்றி அவர் அறிந்திருக்க வழியில்லை. அது கண்டறியப்பட்டதே 1801-இல்தான். ஜெர்மனியின் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், வெள்ளி குளோரைடு மிக வேகமாகக் கறுப்பதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடுக்கும் கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி பிறக்க அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அக்கேள்வி விளையாட்டிலிருந்து வரவில்லை, உலைக்களத்திலிருந்து வந்தது. கண்ணாடித் தொழிற்சாலைகளில் உருகிய குழம்பைப் பார்த்தே வேலை செய்தவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை வந்தது. பிரித்தானிய ராயல் சொசைட்டியின் முயற்சியில் வில்லியம் குரூக்ஸ் 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து சோதித்து, 1913–14-இல் முடிவுகளை வெளியிட்டார். சீரியம் போன்ற உலோகங்களைச் சேர்த்தால் அதிகம் கறுக்காமலே புறஊதாவைத் தடுக்க முடியும் என்பதை அவர் காட்டினார். நிறமும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே தெளிவான சான்று. குரூக்ஸ் கண்ணாடி என்ற பெயர் மூக்குக்கண்ணாடிக் கடைகளில் பல பத்தாண்டுகள் புழங்கியது.

ஆனால் சந்தை அந்த வழியில் போகவில்லை. 1929-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் சாம் ஃபாஸ்டர் விற்ற மலிவான கண்ணாடிகள் வெயில் கண்ணாடியை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தன. எட்வின் லேண்டின் போலராய்டு தகடு, நீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டியது. 1937-இல் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் விமானிகளுக்கான கண்ணாடியை ரே-பான் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றது. இவை எல்லாவற்றின் கவர்ச்சியும் கூச்சத்தைக் குறைப்பதிலும் தோற்றத்திலும் இருந்தது.

புறஊதா வாழ்நாள் முழுவதும் கண்ணில் என்ன செய்கிறது என்பதற்கு வலுவான கணக்கு 1988-இல் கிடைத்தது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 தொழிலாளர்களை ஆராய்ந்ததில், வாழ்நாளில் பெற்ற புறஊதா-பி அளவு இரட்டிப்பானால் புறணிக் கண்புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்காவது தெரிந்தது. சிட்னியின் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1990-களில் இன்னொன்றை விளக்கினார். பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை விழிக்கோளத்தின் வளைவே குவித்து, மூக்கை ஒட்டிய ஓரத்தில் பாய்ச்சுகிறது. வயலிலும் வெயிலிலும் உழைப்பவர்களுக்குக் 'கண்ணில் சதை வளர்வது' பெரும்பாலும் மூக்கோரத்திலிருந்து தொடங்குவதன் காரணம் இதுவே. முன்பக்கம் மட்டும் மறைக்கும் தட்டையான கண்ணாடி இந்தப் பக்கவாட்டு ஒளியைத் தடுப்பதில்லை.

சிறுவர்களின் கண்வில்லை முதியவர்களின் வில்லையைவிடத் தெளிவானது என்பதால் அதிகக் கதிரை உள்ளே விடுகிறது. வெயிலில் அதிக நேரம் நிற்பவர்களும் அவர்களே. அதற்காக அவர்களை வீட்டுக்குள் அடைக்கவும் முடியாது. வெளியில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

மைதானத்துக்கு வந்த கண்ணாடி

கண்ணாடி வருமுன் மைதானத்தின் திசையே கண்ணாடியாக இருந்தது. கிரிக்கெட் ஆடுகளத்தைத் தெற்கு வடக்காக அமைப்பது, மட்டையாளரோ பந்துவீச்சாளரோ சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். வாலிபால், டென்னிஸ் களங்களுக்கும் இதே முறை பொருந்தும். கிடைத்த பொட்டலில் தென்னைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கோடு போடும்போது இந்த விதி பறந்துவிடுகிறது. விதிப்படி அமைத்தாலும் மலையடிவார ஊரில் மாலையில் கிழக்கு எல்லையில் நிற்கும் ஃபீல்டருக்கு விடிவில்லை. மேற்கே மலை, மலைமேல் சூரியன், சூரியனுக்குள் பந்து.

இதே சிக்கலுக்கு அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீர்வு தேடினர். பிட்ஸ்பர்க் அணியின் ஃப்ரெட் கிளார்க், பந்து உயரும்போது மட்டும் கீழே தட்டிவிடும் மடிப்புக் கண்ணாடியை உருவாக்கியவராக அறியப்படுகிறார். முகத்தை வளைத்துக்கொள்ளும் இன்றைய வடிவம் மிதிவண்டிப் பந்தயத்திலிருந்து வந்தது. ஓக்லி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஒற்றை வில்லைக் கண்ணாடியை கிரெக் லெமாண்ட் அணிந்தார். அவர் 1986-இல் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர். அடுத்த பத்தாண்டில் அந்த வடிவம் கிரிக்கெட்டுக்கு வந்தது, பின்னர் குற்றாலச் சீசன் கடைகளிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் அதன் போலிகள் தொங்கின. வடிவம் அப்படியே வந்தது. வில்லையின் தரமும் கூடவே வந்தது என்று சொல்ல முடியாது.

உடையாத பொருள்

கண்ணருகே கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியக் கிரிக்கெட் ஒரு கார் விபத்தில் கண்டது. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த விபத்தில், காரின் முன்கண்ணாடிச் சில்லு மன்சூர் அலி கான் பட்டோடியின் வலக்கண்ணில் பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 20. அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. இரட்டையாகத் தெரியும் பந்தைச் சமாளிக்கத் தொப்பியை வலக்கண்ணுக்கு மேல் இறக்கிவிட்டு ஆடக் கற்றுக்கொண்டார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவருடைய முதல் டெஸ்ட் சதம். அவருடைய கதையை வீரக்கதையாகச் சொல்வதே வழக்கம். மைதானத்தில் கண்ணாடி வில்லை அணிபவர்களுக்கு அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது.

2012 ஜூலையில் டான்டனில் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சர் தலைக்கவசமின்றி நின்றபோது, இம்ரான் தாகிரின் பந்தில் தெறித்த பெயில் அவருடைய இடக்கண்ணைத் தாக்கியது. பவுச்சரின் சர்வதேச ஆட்டம் அன்றோடு முடிந்தது. தாக்கியது பந்துகூட அல்ல, விரல்நீள மரத்துண்டு.

அடி தாங்கும் வில்லை வேதியியலிலிருந்து வந்தது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் பாலிகார்பனேட்டைக் கண்டறிந்தனர். எளிதில் உடையாத இந்தப் பொருள் முதலில் பாதுகாப்புக் கவசங்களுக்குப் பயன்பட்டு, பின்னர் மூக்குக்கண்ணாடி வில்லையானது. இதற்கு இன்னொரு இயல்பும் உண்டு. எந்த நிறமும் சேர்க்காமலே இது புறஊதாவை உறிஞ்சிவிடும். நீர்போலத் தெளிந்த பாலிகார்பனேட் வில்லை, கதிர்தடுப்பு இல்லாத கன்னங்கரிய வில்லையைவிடக் கண்ணைக் காக்கும்.

தேர்ந்தெடுத்தல்

வெயில் கண்ணாடிக்குத் தேசியத் தரநிர்ணயத்தை 1971-இல் முதலில் கொண்டுவந்த நாடு ஆஸ்திரேலியா. இன்று ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. அது வில்லைகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறது. வகை 2 ஒளியில் 18 முதல் 43 விழுக்காட்டையும், வகை 3 8 முதல் 18 விழுக்காட்டையும் உள்ளே விடும். நம் பகல் ஆட்டங்களுக்கு வகை 3, மேகமுள்ள நாளுக்கும் மாலைக்கும் வகை 2 பொருந்தும். வகை 4 பனிமலைக்கானது, அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. இந்த எண் கருமையின் அளவுதான். கதிர்தடுப்பைச் சொல்வது 'யு.வி. 400' என்ற தனிக் குறிப்பு.

கருமை மட்டும் இருந்து கதிர்தடுப்பு இல்லாவிட்டால், இருட்டென்று எண்ணி கண்பாவை விரியும், சுருக்கிய இமையும் திறக்கும், கதிர் முன்னைவிட எளிதாக உள்ளே போகும். ஒட்டிய ஸ்டிக்கரை எவரும் அச்சடிக்கலாம் என்பதால், பெரிய கண்ணாடிக் கடைகளில் உள்ள யு.வி. மீட்டரில் வில்லையை வைத்துப் பார்க்கச் சொல்வதே உறுதியான வழி. ஒரு நிமிட வேலை அது. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த கண்ணாடி எல்லாமே மோசமல்ல. பாலிகார்பனேட் வில்லையாக இருந்தால் திருவிழாக் கடைக் கண்ணாடியும் கதிரைத் தடுக்கக்கூடும். அதில் அடிக்கடி குறைவது பார்வைத் தெளிவு. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவு நிலை போன்ற நேர்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசைத்தால், தரமற்ற வில்லையில் கோடு நெளியும். நெளியும் வில்லையுடன் கேட்ச் பிடிக்கப் போவது வீண்.

நிறம் பெரும்பாலும் ரசனையின்பாற்பட்டது. சாம்பல் நிறம் நிறங்களை மாற்றாமல் காட்டும். பழுப்பு நீல ஒளியைக் குறைத்து, வானப் பின்னணியில் பந்தை எடுத்துக்காட்டும். போலராய்டு, குளத்தருகே நிற்பவருக்கும் தார்ச்சாலையில் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் உதவும், செம்மண் மைதானத்தில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லைகளை 1960-களில் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்தது. அவை குளிரில் நன்கு கறுக்கும், வெப்பத்தில் குறைவாகவே கறுக்கும். சித்திரை வெயிலில் அவற்றிடம் முழுக் கருமையை எதிர்பார்க்க முடியாது.

ஃபிரேம் பொட்டுவரை வளைந்து, புருவத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் வியர்வை ஆவி வெளியேறச் சிறு இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் பனி படரும். மூக்கிலும் காதிலும் ரப்பர் பிடிப்பு இருந்தால் குனிந்தாலும் நழுவாது. உலோக ஃபிரேம் அடிபட்டால் முகத்தைக் கிழிக்கும். பவர் தேவைப்படுபவர்கள் பாலிகார்பனேட்டிலேயே நிறமிட்ட பவர் வில்லை போட்டுக்கொள்ளலாம். தூசி பறக்கும் மைதானத்தில் காண்டாக்ட் லென்ஸ் தொல்லை தரும். அகன்ற விளிம்புள்ள தொப்பி மட்டுமே கண்ணில் விழும் கதிரை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்பதால், கண்ணாடி வாங்க முடியாத மாணவருக்குத் தொப்பியே முதல் செலவு.

சாதாரண வெயில் கண்ணாடி எதுவும் வேகமான கிரிக்கெட் பந்தைத் தாங்குமென்று உறுதி கூற முடியாது. மட்டையாளருக்கும் ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பருக்கும் கம்பியுள்ள தலைக்கவசமே பாதுகாப்பு. கபடியில் கண்ணாடிக்கு இடமே இல்லை. உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் அது அணிந்தவரையும் எதிரில் இருப்பவரையும் காயப்படுத்தும். பகல் கபடியை நிழலுள்ள களத்துக்கோ மாலைக்கோ மாற்றுவதுதான் வழி.

வாங்கிய கண்ணாடியைப் பைக்கின் டேங்க் மீதோ மூடிய காருக்குள்ளோ வெயிலில் விட்டால் மேற்பூச்சு வெடித்துவிடும். மண் ஒட்டிய வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும், தண்ணீரில் அலசிய பிறகே துடைக்க வேண்டும். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகும் வெளிச்சம் சற்று நேரம் நீடிக்கும், கடைசி ஓவர்கள் ஆடப்படுவது அப்போதுதான். வகை 3 கண்ணாடியைத் தொப்பிமேல் ஏற்றிவிட வேண்டிய நேரமும் அதுவே.